ரத்தம் ஏற்றி ஒரு வாரம் கழித்து மஞ்சள் காமாலை: கிராஸ்மேட்ச் பொருந்திய பிறகும் ஏன்?

பொன்னிநதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஹீமோகுளோபின் 7.8தான் இருந்தது. இரண்டு யூனிட் பேக்ட் செல் (சிவப்பணு மட்டும் பிரித்தெடுத்த ரத்தம்) ஏற்றினார்கள். ஏற்றும்போது குளிர், நடுக்கம், அரிப்பு எதுவும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது 9.6.

வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தவர், ரத்தம் ஏற்றிய எட்டாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை என்று படுத்துவிட்டார். லேசான காய்ச்சல். கண்ணில் மஞ்சள். சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. பக்கத்து கிளினிக் டாக்டர் கல்லீரலாக இருக்கும் என்று ஸ்கேன் எழுதினார். கல்லீரல், பித்தப்பை இரண்டிலும் ஒன்றும் இல்லை. கல்லீரல் சோதனையான எஸ்ஜிபிடி நார்மல். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் 4.6, அதில் 3.8 இன்டைரக்ட். ஹீமோகுளோபின் 7.1. அதாவது ஏற்றுவதற்கு முன்னால் இருந்ததைவிடக் குறைவு.

ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே திரும்பிப் போனோம். டிசிடி என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்றார்கள். மறுநாள் ரத்த வங்கியிலிருந்து "ஆன்டி ஜேகே-ஏ" என்று ஒரு ரிப்போர்ட் வந்தது. அம்மா ஓ பாசிட்டிவ். ஏற்றியதும் ஓ பாசிட்டிவ். கிராஸ்மேட்ச் (ஏற்றும் முன் இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை) பொருந்தித்தான் கொடுத்தோம் என்கிறார்கள். பொருந்திய ரத்தம் எப்படி உடம்பில் உடைந்துபோகும்? யாராவது புரியும்படி சொல்லுங்கள். இடுப்பில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.


தூத்துக்குடிக்காரன் எழுதியது:

சகோதரி, குரூப் மாற்றிப் போட்டிருப்பார்கள். இப்போது வாயில் நுழையாத பெயர் சொல்லி மூடப் பார்க்கிறார்கள். கேஸ் ஷீட் முழுவதும் நகல் வாங்குங்கள். விடாதீர்கள்.


நைட்ஷிஃப்ட் எழுதியது:

நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். குரூப் மாறி ஏற்றியிருந்தால் எட்டு நாள் காத்திருக்காது. ஏ, பி, ஓ பொருந்தாவிட்டால் அதற்கான ஆன்டிபாடி (அந்நியமானதைத் தாக்க உடம்பு செய்யும் புரதம்) நம் எல்லோர் உடம்பிலும் பிறந்த சில மாதங்களிலிருந்தே தயாராக இருக்கிறது. முதல் ஐம்பது மில்லி உள்ளே போவதற்குள்ளேயே நடுக்கம், முதுகு வலி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இவர்கள் அம்மாவுக்கு நடந்தது வேறு. தாமதமாக வரும் சிவப்பணு சிதைவு. ரத்தம் ஏற்றிய 24 மணி நேரத்திலிருந்து 28 நாளுக்குள் வருவதை இந்தப் பெயரில் சேர்ப்போம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும்.

சிவப்பணுவின் மேல் ஏ, பி, ஆர்எச்-டி (பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்வது இதைத்தான்) மட்டும் இல்லை. முன்னூறுக்கும் மேல் ஆன்டிஜென்கள், அதாவது ஆன்டிபாடி அடையாளம் காணும் குறிகள், இருக்கின்றன. நாம் குரூப் பார்க்கும்போது அந்த மூன்றை மட்டும்தான் பார்க்கிறோம். ஆர்எச்சிலேயே பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ இருக்கின்றன. அதற்கு அப்புறம் கெல், டஃபி, கிட், எம்என்எஸ் என்று வரிசை போகும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ஜேகே-ஏ, கிட் குரூப்பைச் சேர்ந்தது. 1951இல் அமெரிக்காவில் ஒரு தாயின் சீரத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். அவருடைய குழந்தைக்குப் பிறவி மஞ்சள் காமாலை இருந்தது. சிவப்பணுவில் யூரியாவை உள்ளே வெளியே கடத்தும் புரதம்தான் இந்த ஆன்டிஜெனைத் தாங்கி நிற்கிறது.

அம்மாவின் சிவப்பணுவில் ஜேகே-ஏ கிடையாது. கொடுத்தவரில் ஒருவருக்கோ இரண்டு பேருக்குமோ இருந்திருக்கிறது. ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு இதற்கு முன் எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறதா? எத்தனை பிரசவம்?


பொன்னிநதி எழுதியது:

மூன்று பிரசவம். அம்மாவைக் கேட்டேன். எனக்கு அடுத்து தம்பி பிறந்தபோது, 1986இல், ரத்தப்போக்கு அதிகமாகி "ஒரு பாட்டில்" ஏற்றினார்களாம். நாற்பது வருடம் ஆகப்போகிறது சார். அதற்கும் இதற்கும் சம்பந்தமா? இந்த முறை அட்மிஷன் போடும்போது இதை யாரும் கேட்கவும் இல்லை, எங்களுக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை.


நைட்ஷிஃப்ட் எழுதியது:

சம்பந்தம் உண்டு. அதுதான் இதன் வேர்.

அந்த 1986 பாட்டிலிலோ, மூன்று பிரசவங்களில் ஏதோ ஒன்றில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் கலந்ததிலோ, அம்மாவின் உடம்பு முதல்முறையாக ஜேகே-ஏவைப் பார்த்திருக்கிறது. பார்த்தவுடன் உடம்பு ஆன்டிபாடி செய்துவிடாது. முதல் தடவை பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஏற்றிய சிவப்பணுக்கள் பெரும்பாலும் வயதாகிப் போய்விடும். அதனால் அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆன்டிபாடி உருவாகி, கொஞ்ச காலம் ரத்தத்தில் இருந்து, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, எந்தச் சோதனையிலும் சிக்காத அளவுக்குப் போய்விட்டது. ஆனால் அதைச் செய்யக் கற்ற நினைவு செல்கள் சாகவில்லை. போன மாதம் மறுபடி அதே ஆன்டிஜென் வந்ததும் அவை சில நாளிலேயே பெருகி, ஆன்டிபாடியைக் கொட்டிவிட்டன. அது ஏற்றிய சிவப்பணுவின் மேல் ஒட்டியது. மண்ணீரலும் கல்லீரலும் அவற்றைப் பிடித்துத் தின்றன. கிட் ஆன்டிபாடிக்கு காம்ப்ளிமென்டைத் (செல்லைத் துளைத்து உடைக்கும் ரத்தப் புரதங்களை) தூண்டும் குணமும் உண்டு. அதனால் சில சிவப்பணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடையும். சிறுநீர் கறுத்தது அதனால்தான்.

கிராஸ்மேட்ச் எப்படிப் பொருந்தியது என்று கேட்டீர்கள். நோயாளியின் சீரத்தையும் கொடையாளரின் சிவப்பணுவையும் ஜெல் கார்டில் விட்டு, 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவோம். கார்டில் ஏற்கெனவே கூம்ஸ் ரீஏஜென்ட் (ஆன்டிபாடி ஒட்டிய சிவப்பணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் திரவம்) இருக்கும். ஆன்டிபாடி இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஜெல்லுக்குள் இறங்க முடியாமல் மேலேயே சிவப்புக் கோடாக நிற்கும். இல்லாவிட்டால் குழாயின் அடியில் போய்ச் சேரும். அன்றைக்கு அம்மாவின் சீரத்தில் பிடிபடும் அளவுக்கு ஆன்டிபாடி இல்லை. அதனால் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும். டெக்னீஷியன் "கம்பேட்டிபிள்" என்று எழுதியிருப்பார். அந்த நிமிடத்தில் அது உண்மைதான்.

எட்டாம் நாள் அம்மாவின் ரத்தத்தை டிசிடிக்கு, அதாவது சிவப்பணுவின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் போட்டிருப்பார்கள். அப்போது கார்டில் ஒரு பங்கு மேலே, மிச்சம் அடியில் என்று இரண்டாகப் பிரிந்து தெரியும். நாங்கள் "மிக்ஸ்டு ஃபீல்ட்" என்போம். மேலே நிற்பது ஏற்றிய ரத்தத்தின் சிவப்பணு, அடியில் இருப்பது அம்மாவுடையது. பார்த்தவுடனே பழக்கப்பட்ட கண்ணுக்குப் புரிந்துவிடும். பிறகு ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியை அமிலக் கரைசலால் கழற்றி எடுத்து, 11 வகை சிவப்பணு உள்ள பேனலோடு வைத்துப் பார்ப்போம். எந்தெந்தச் செல்லோடு ஒட்டுகிறது, எதோடு ஒட்டவில்லை என்று கட்டம் போட்டு அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். உங்களுக்கு மிஞ்சியது ஜேகே-ஏ.


வார்டு ரவுண்ட்ஸ் எழுதியது:

நான் பொது மருத்துவம் பார்ப்பவன். நைட்ஷிஃப்ட் சொன்னதோடு வார்டில் இருந்து பார்க்கும்போது தெரிவதையும் சேர்க்கிறேன்.

ரத்தம் ஏற்றி ஒரு வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்கினால் எங்கள் மனதில் முதலில் வருவது சிவப்பணுச் சிதைவு இல்லை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்றால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்ப்போம். தொடையில் கட்டிய ரத்தக்கட்டு கரையும்போதும் இன்டைரக்ட் பிலிரூபின் (சிவப்பணு உடையும்போது ஏறும் வகை) ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு போடும் செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஊசிகளாலும் சிவப்பணு உடையலாம், அதிலும் டிசிடி பாசிட்டிவ் வரும். கிருமித் தொற்றாலும் மஞ்சள் வரும். நோயாளி கிளினிக்குக்குப் போகும்போது "ஆபரேஷன் ஆனது" என்று சொல்வார், "ரத்தம் ஏற்றினார்கள்" என்று சொல்ல மாட்டார். அதனால் இது நிறையப் பேரிடம் பெயரே சூட்டப்படாமல் கடந்து போகிறது.

இவர்கள் அம்மா விஷயத்தில் எஸ்ஜிபிடி நார்மல், இன்டைரக்ட் மட்டும் உயர்வு, ரத்தம் ஏற்றிய சரித்திரம். இந்த மூன்றும் சேர்ந்தாலே டிசிடி கேட்க வேண்டும். அதோடு சிவப்பணு உடைவதைக் காட்டும் எல்டிஎச், ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை, ஹாப்டோகுளோபின் கிடைத்தால் அதுவும், ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஒரு ஸ்மியர். ஸ்மியரில் குண்டுக் குண்டாக ஸ்பீரோசைட் (உருண்டையாகிப்போன சிவப்பணு) தெரியும். மருந்தால் வந்ததா, ஏற்றிய ரத்தத்தால் வந்ததா என்பதை நைட்ஷிஃப்ட் சொன்ன கழற்றி எடுக்கும் சோதனை பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும்.

பொன்னி, இப்போது அம்மாவின் கிரியேட்டினின் எவ்வளவு? சிறுநீர் சரியாகப் போகிறதா? பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே அடங்கும். எதிரி சிவப்பணுக்கள் தீர்ந்ததும் உடைவதற்கு ஒன்றும் இருக்காது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, சிறுநீரகத்தைக் கவனித்தால் போதும். அவசரப்பட்டு மறுபடி அதே மாதிரி ரத்தத்தை ஏற்றக் கூடாது. அதேசமயம் ஹீமோகுளோபின் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கினால், ஆன்டிபாடி இருக்கிறதே என்று ரத்தம் கொடுக்காமல் விடுவதும் தப்பு. ஜேகே-ஏ இல்லாத பையாகத் தேட வேண்டும், அவ்வளவுதான்.


பொன்னிநதி எழுதியது:

கிரியேட்டினின் முதலில் 1.6 போய், நேற்று 1.2. சிறுநீர் நிறம் தெளிந்துவிட்டது. ஹீமோகுளோபின் 6.9 வரை இறங்கி இன்று 7.3. கொஞ்சம் சாப்பிடுகிறார். ரத்தம் ஏற்றாமல் காத்திருக்கலாம் என்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் எழுதியதைப் படித்த பிறகு நேற்றுத்தான் சரியாகத் தூங்கினேன்.


தூத்துக்குடிக்காரன் எழுதியது:

விளக்கம் புரிகிறது, நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு சோதனை பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும்போது வேறு சோதனை செய்ய வேண்டாமா? பணம் கட்டுவது நோயாளிதானே?


நைட்ஷிஃப்ட் எழுதியது:

நியாயமான கேள்வி. இரண்டாகப் பிரித்துப் பதில் சொல்கிறேன்.

ஆன்டிபாடி ஸ்கிரீனிங் என்று ஒன்று இருக்கிறது. எந்த ஆன்டிஜென் எதில் இருக்கிறது என்று முன்பே தெரிந்த இரண்டு அல்லது மூன்று வகைச் செல்களோடு நோயாளியின் சீரத்தைச் சோதிப்பது. கிராஸ்மேட்ச்சைவிட இதற்குக் கூர்மை அதிகம். காரணம், கிட் போன்ற ஆன்டிபாடிகள், ஜேகே-ஏ இரட்டைப் பங்கு உள்ள செல்லோடுதான் நன்றாக ஒட்டும். அப்பாவிடமிருந்து ஜேகே-ஏ, அம்மாவிடமிருந்து ஜேகே-பி என்று ஒற்றைப் பங்கு வாங்கிய கொடையாளரின் செல்லோடு வைத்துப் பார்த்தால் மெலிந்த ஆன்டிபாடி தப்பிவிடும். ஸ்கிரீனிங் செல்களை இரட்டைப் பங்கு உள்ளவர்களிடமிருந்தே தேர்ந்தெடுப்பார்கள். ஆக, ஸ்கிரீனிங் செய்திருந்தால் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. சிக்காமலும் போயிருக்கலாம், நாற்பது வருடம் ஆனதால்.

நம் நாட்டில் எல்லா ரத்த வங்கியிலும் எல்லா நோயாளிக்கும் இது நடப்பதில்லை. பெரிய மையங்களில் செய்கிறார்கள். சிறிய இடங்களில் கிராஸ்மேட்ச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிலும் சில இடங்களில் அவசரம் என்று உப்புக் கரைசலில் சுற்றிப் பார்ப்பதோடு முடித்துவிடுவார்கள். அது ஏ, பி தவறை மட்டும்தான் காட்டும். கிட், டஃபி, கெல் எல்லாவற்றின் ஆன்டிபாடியும் பெரும்பாலும் ஐஜிஜி என்ற வகை, உப்புக் கரைசலில் மட்டும் பார்த்தால் தெரியாது. கூம்ஸ் வரை போனால்தான் தெரியும். உறவினர்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: "கிராஸ்மேட்ச் கூம்ஸ் வரைக்கும் பண்ணீங்களா? ஆன்டிபாடி ஸ்கிரீன் போட்டீங்களா?" கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஏற்றிய பிறகு நோயாளியின் மாதிரியையும் பையின் துண்டுக் குழாயையும் வழக்கமாக ஏழு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருப்போம். பிறகு இடம் வேண்டும் என்று எடுத்துவிடுவோம். எட்டாம் நாள் மஞ்சளோடு வருபவருக்குப் பழைய மாதிரியை மறுபடி சோதித்துப் பார்க்கவே வழி இல்லாமல் போகிறது.


வார்டு ரவுண்ட்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்கிரீனிங் என்பதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கிறது நைட்ஷிஃப்ட். ரத்தம் ஏற்றியவர்களில் நூற்றில் சில பேர்தான் இப்படி ஆன்டிபாடி உண்டாக்குகிறார்கள். ஸ்கிரீனிங் செல்கள் ஓரிரு மாதத்தில் காலாவதியாகும். மாதத்துக்கு முப்பது, நாற்பது பை கொடுக்கும் தாலுகா மருத்துவமனையில் பாதி பாட்டில் வீணாகும். அந்தப் பணத்தை முன்னுரிமை கொடுத்து, பிரசவம் ஆன பெண்கள், முன்பே ரத்தம் ஏற்றியவர்கள், தலசீமியா, டயாலிசிஸ் நோயாளிகள் என்று இவர்களுக்குச் செலவழிக்கலாமே?


நைட்ஷிஃப்ட் எழுதியது:

டாக்டர், அந்தப் பட்டியலுக்குள் யார் வருகிறார்கள் என்று அட்மிஷனில் கேட்க ஆள் வேண்டுமே. பொன்னியின் அம்மா உங்கள் பட்டியலில் இரண்டு காரணத்தால் வருகிறார். ஆனால் யாரும் கேட்கவில்லை. ரத்தம் கேட்கும் படிவத்தில் "முந்தைய ரத்தமேற்றம், கர்ப்பம்" என்று கட்டம் இருக்கிறது. பத்துப் படிவத்தில் எட்டில் அந்தக் கட்டம் காலியாகத்தான் எங்களிடம் வருகிறது. ஹவுஸ் சர்ஜன் இரவு இரண்டு மணிக்கு எழுதி அனுப்புகிறார், அவரையும் குறை சொல்ல முடியாது. ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை, கேள்வி கேட்கும் இடத்தில் ஓட்டை இருந்தால் ஓடாது. அதனால்தான் எல்லோருக்கும் போட்டுவிடலாம் என்கிறேன். சிறிய மையங்கள் மாதிரியை மாவட்டத் தலைமை மையத்துக்கு அனுப்பலாம். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு ஒரு நாள் முன்னதாக அனுப்ப முடியாதா என்ன?


வார்டு ரவுண்ட்ஸ் எழுதியது:

காலிக் கட்டம் பற்றிச் சொன்னது உண்மை. எங்கள் வார்டிலும் அப்படித்தான். திட்டமிட்ட ஆபரேஷன்களுக்கு முன்னதாக அனுப்பலாம் என்பதை ஏற்கிறேன். அவசரப் பிரிவுக்கு அது உதவாது.


மாறன்அப்பா எழுதியது:

என் மகனுக்கு தலசீமியா மேஜர் (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். ஏழு வயதில் ஆன்டி-கெல், அப்புறம் ஆன்டி-பெரிய ஈ வந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை, ரத்தம் ஏற்றி பத்து நாளிலேயே முகம் வெளுத்துப்போய் ஸ்கூலிலிருந்து ஃபோன் வந்தது. "சரியாக நிற்கவில்லை, அடுத்த தடவை சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். பிறகு பெரிய மருத்துவமனையில் ஒரு மேடம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

புதிதாக தலசீமியா என்று தெரிந்த பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். முதல் பை ஏற்றுவதற்கு முன்பே குழந்தையின் முழு ஆன்டிஜென் பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள். ஆர்எச் முழுவதும், கெல், கிட், டஃபி. ஏற்ற ஆரம்பித்துவிட்டால் உடம்பில் மற்றவர்களின் சிவப்பணு மூன்று நான்கு மாதம் கலந்தே ஓடும். அப்புறம் எடுத்தால் குழந்தையுடையது எது, வந்தது எது என்று பிரிக்க முடியாது. டிஎன்ஏ வழியாகப் பார்க்க வேண்டும், அது எல்லா இடத்திலும் இல்லை. அந்த ஒரு சோதனையை முதல் நாளே எடுத்திருந்தால், குறைந்தபட்சம் ஆர்எச்சும் கெல்லும் பொருத்திக் கொடுத்திருந்தால், என் மகனுக்கு இந்த இரண்டும் வந்திருக்காமல் இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.


கூடலூர் மழை எழுதியது:

நீலகிரியில் பழங்குடி மக்களிடையே சுகாதாரப் பணி செய்கிறேன். இங்கே சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய்) நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு இது வந்தால் பொன்னியின் அம்மாவுக்கு வந்ததைவிட மோசமாகப் போகலாம். ஏற்றிய சிவப்பணுவோடு சேர்த்து அவர்களுடைய சொந்தச் சிவப்பணுவும் உடையும். எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்வதும் மந்தமாகிவிடும். ரெட்டிகுலோசைட் ஏற வேண்டிய நேரத்தில் இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், வெளியே தெரிவது கை கால் வலியும் காய்ச்சலும். சிக்கிள் நோயாளிக்கு வலி என்றால் அந்த நோயில் வழக்கமாக வரும் வலித் தாக்குதலான "கிரைசிஸ்" என்று நினைத்து, ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறதே என்று இன்னொரு பை ஏற்றுவார்கள். அது இன்னும் உடைக்கும். ரத்தம் ஏற்றி இரண்டு மூன்று வாரத்துக்குள் சிக்கிள் நோயாளி வலியோடு வந்து, சிறுநீர் கறுத்துப்போயிருந்தால், அடுத்த பையைத் தூக்குவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். சிக்கிள் நோயாளிகளில் சிலருக்கு எந்த ஆன்டிபாடியும் பிடிபடாமலேயே இது நடக்கிறது. அதனால் "டிசிடி நெகட்டிவ், அப்படியானால் இது இல்லை" என்றும் முடிவு கட்ட முடியாது. ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து), ஸ்டீராய்டு என்று நிபுணர்கள் கொடுப்பார்கள்.

மலையிலிருந்து கோழிக்கோட்டுக்கும் போவார்கள், கோவைக்கும் போவார்கள். ஒரு இடத்தில் கண்டுபிடித்த ஆன்டிபாடி அடுத்த இடத்துக்குத் தெரியாது. எங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.


யாழ்தேவி_லண்டன் எழுதியது:

வணக்கம். நான் லண்டனில் தாதியாக வேலை செய்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். கூடலூர் மழை கடைசியாக எழுதியதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இங்கே ஆன்டிபாடி கண்டுபிடித்தால் நோயாளியின் கையில் ஒரு சின்ன அட்டை கொடுத்துவிடுவோம். பெயர், குருதி வகை, எந்த ஆன்டிபாடி, எந்த ஆய்வுகூடம். கைப்பையில் வைத்துக்கொண்டே திரிவார்கள். ஏனெனில் ஐந்து வருடம் கழித்து வேறொரு மருத்துவமனைக்குப் போனால் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அட்டை மட்டும்தான் சொல்லும்.

பிரித்தானியாவில் 1996 முதல் ஷாட் என்ற அமைப்பு குருதி ஏற்றுவதால் வரும் பாதிப்புகளை எல்லா மருத்துவமனையிலிருந்தும் சேகரித்து வருடா வருடம் அறிக்கை வெளியிடுகிறது. தாமதமாக வரும் சிதைவில் கிட் ஆன்டிபாடிகள் அடிக்கடி அகப்படுகின்றன. ஒருவருக்குக் கடந்த மூன்று மாதத்துக்குள் குருதி ஏற்றியிருந்தால், அல்லது அவர் கர்ப்பமாக இருந்திருந்தால், கிராஸ்மேட்ச்சுக்கு எடுத்த மாதிரி மூன்று நாளுக்கு மேல் செல்லாது என்ற நடைமுறையும் இந்தக் காரணத்துக்காகத்தான். நாலாம் நாள் புதிய ஆன்டிபாடி தலைகாட்டியிருக்கலாம்.

அக்கா, அம்மாவுக்கு அப்படி ஒரு அட்டை கேட்டு வாங்குங்கள்.


பொன்னிநதி எழுதியது:

அதுதான் என் மனதை அறுக்கிறது. நேற்று டிஸ்சார்ஜ் ஆனோம். சம்மரியில் "ஹிப் ஃப்ராக்சர், அனீமியா, கன்சர்வேட்டிவ் மேனேஜ்மென்ட்" என்று மூன்று வரி. ஆன்டிபாடி என்ற சொல்லே இல்லை. கேட்டால் "ரத்த வங்கி ரிப்போர்ட் ஃபைலில் இருக்கு, தேவைப்பட்டால் எடுத்துக்கலாம்" என்கிறார்கள். ஃபைல் அங்கே, நாங்கள் இங்கே. அடுத்த ஆபரேஷனை வேறு ஊரில் செய்தால்?


நைட்ஷிஃப்ட் எழுதியது:

அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்த இழையில் நான் இத்தனை எழுதியதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். சில மாதத்தில், ஒரு வருடத்தில், இந்த ஆன்டிபாடி மறுபடி மறைந்துவிடலாம். அன்றைக்கு எந்த ஊரில் எவ்வளவு நல்ல ஜெல் கார்டில் போட்டாலும் "நெகட்டிவ், கம்பேட்டிபிள்" என்றுதான் வரலாம். ஜேகே-ஏ உள்ள பை ஏறும். இரண்டாம் தடவை போலவே மூன்றாம் தடவையும் நடக்கும். இதைத் தடுக்கக்கூடியது காகிதத்தில் எழுதியிருக்கும் ஒரு வரி மட்டுமே.

ரத்த வங்கிக்கு நேராகப் போங்கள். அங்கே ஒரு மருத்துவ அதிகாரி இருப்பார். லெட்டர்ஹெட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: அம்மாவின் பெயர், வயது, ஓ பாசிட்டிவ், ஆன்டி ஜேகே-ஏ கண்டறியப்பட்டது, தேதி, இனி எப்போதும் ஜேகே-ஏ நெகட்டிவ் ரத்தம் மட்டுமே, கூம்ஸ் கிராஸ்மேட்ச்சோடு. கையெழுத்து, முத்திரை. மூன்று நகல் எடுத்து ஒன்றை லேமினேட் செய்யுங்கள். ஃபோனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு பேசும்போதெல்லாம் "எனக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கு" என்று சொல்லப் பழக்குங்கள்.

கூடவே, இதை ஹீமோவிஜிலன்ஸில் (ரத்தமேற்றத்தால் வரும் பாதிப்புகளைச் சேகரிக்கும் திட்டம்) பதிவு செய்தீர்களா என்றும் கேளுங்கள். 2012 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் அந்தத் திட்டம் நடக்கிறது, நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் நிறுவனம் நடத்துகிறது. ஏற்றும்போதே வரும் அரிப்பும் காய்ச்சலும் பதிவாகின்றன. வீட்டுக்குப் போன பிறகு வருவது எண்ணிக்கையிலேயே ஏறாமல் போகிறது.

பயம் வேண்டாம். நம்மவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு ஜேகே-ஏ கிடையாது. ஓ பாசிட்டிவ் பத்துப் பை சோதித்தால் இரண்டு கிடைத்துவிடும். ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் எந்த மையத்துக்கும் இது பெரிய வேலை இல்லை. இரவு பத்து மணிக்கு, தியேட்டரில் நோயாளி படுத்திருக்கும்போது தெரிந்தால்தான் கஷ்டம்.


சின்னாளப்பட்டி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஐந்து மாதக் கர்ப்பம், ஏ பாசிட்டிவ். முதல் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள். ஐசிடி (தாயின் சீரத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) என்பது நெகட்டிவ் குரூப் பெண்களுக்குத்தான் என்று சொல்லி எனக்கு எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமா?


வார்டு ரவுண்ட்ஸ் எழுதியது:

உங்கள் விஷயத்தில் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. பாசிட்டிவ் குரூப் தாய்க்கும் சின்ன சி, கெல் போன்றவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கலாம், அது குழந்தையைப் பாதிக்கலாம். நம்மவர்களில் சின்ன சி இல்லாதவர்கள் கணிசம். முன்பு ரத்தம் ஏற்றியதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி ஐசிடி கேளுங்கள். பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும். இருந்தாலும் பார்த்துவிட்டால் மனதுக்கு நிம்மதி.


பொன்னிநதி எழுதியது:

இன்று ரத்த வங்கிக்குப் போய் வந்தேன். மருத்துவ அதிகாரி மேடம் அன்பாகப் பேசினார். நைட்ஷிஃப்ட் சார் எழுதிய வாசகத்தையே காட்டினேன். அப்படியே எழுதி, கூடுதலாக அம்மாவின் முழு ஆன்டிஜென் பட்டியலை மூன்று மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்தார். ஹீமோவிஜிலன்ஸ் படிவத்தை நான் இருக்கும்போதே நிரப்பினார். சம்மரியையும் திருத்தித் தரச் சொல்லி ஆர்த்தோ டாக்டருக்கு ஃபோன் செய்தார்.

இரண்டு சந்தேகம். இது எனக்கும் தம்பிக்கும் வருமா? அடுத்த ஆபரேஷனுக்கு மாமா ரத்தம் கொடுக்கிறேன் என்கிறார், அவரும் ஓ பாசிட்டிவ். கூடப் பிறந்தவர் என்பதால் பொருந்த வாய்ப்பு அதிகம்தானே?


நைட்ஷிஃப்ட் எழுதியது:

ஆன்டிபாடி பரம்பரையாக வராது. ஆன்டிஜென்தான் வரும். உங்களுக்கு ரத்தம் ஏற்றியதோ பிரசவமோ இருந்தால் உங்களுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு இருப்பதால் இல்லை.

மாமாவுக்கு ஜேகே-ஏ இல்லாமலிருக்க வெளியாட்களைவிட வாய்ப்பு அதிகம், உண்மை. ஆனால் நெருங்கிய ரத்த உறவிடமிருந்து நேராக எடுத்து ஏற்றுவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. அவருடைய வெள்ளையணுக்களை அம்மாவின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை அங்கே பெருகி, அம்மாவின் உடம்பையே தாக்கும். அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கடினம். அதனால் உறவினர் ரத்தம் என்றால் கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். எல்லா ரத்த வங்கியிலும் அந்தக் கருவி கிடையாது. ஐந்தில் ஒருவரிடம் கிடைக்கும் ரத்தத்துக்கு இந்த ஆபத்தை எடுக்கத் தேவையே இல்லை. மாமா கொடுக்க விரும்பினால் பொதுவாகக் கொடுக்கட்டும், அது வேறு யாருக்காவது போகட்டும். அம்மாவுக்கு வெளியாளிடமிருந்து ஜேகே-ஏ இல்லாத பை தேடிக்கொள்ளலாம்.


பொன்னிநதி எழுதியது:

சரி சார். மாமாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரத்ததான முகாமுக்குப் போகிறாராம். ஆபரேஷன் தேதி முடிவானதும், மாதிரி எப்போது அனுப்ப வேண்டும் என்று இங்கேயே வந்து கேட்கிறேன்.